"பெயர் மட்டும்தானே கேட்கிறார்?"

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை இறக்கி, உடைத்து, பருப்பை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். சென்ற மாதம் ஓர் ஆலோசகர் வந்து முதலாளியிடம் ஒரு திட்டம் சொன்னார். துபாயில் ஒரு நிறுவனம் தொடங்க வேண்டும். பருப்பை அதற்குக் குறைந்த விலையில் விற்க வேண்டும். அது ஐரோப்பிய வாடிக்கையாளருக்குச் சந்தை விலையில் விற்கும். சரக்கு துபாய்க்குப் போகாது. தூத்துக்குடியில் ஏறினால் ஐரோப்பாவில்தான் இறங்கும். பில் மட்டும் துபாய் வழியாகச் சுற்றும். துபாய் நிறுவனத்தின் பங்குகள் பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் பதிவாகும் இன்னொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அந்தத் தீவு நிறுவனத்துக்குப் பங்குதாரரும் இயக்குநரும் நான்!

"உன் பெயர் மட்டும்தானே கேட்கிறேன், பணமா கேட்கிறேன்?" என்கிறார் முதலாளி. சம்பளத்தோடு மாதம் இருபதாயிரம் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் கொடுத்துவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை துபாய் வங்கி அதிகாரி வீடியோ அழைப்பில் பேசுவாராம். என் அப்பாவின் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டியவர் முதலாளி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவன் நான். "ஆப்பிள் கம்பெனியே செய்கிறது, நாம் செய்தால்தான் தப்பா?" என்றும் கேட்கிறார். நிறுவனத்தில் 80 சதவீதம் அவருடையது; 20 சதவீதம் காலமான அவருடைய தம்பியின் மனைவிக்கு. அந்த அம்மாவுக்கு இந்தத் திட்டம் தெரியாது. இது சட்டப்படி சரியா? நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் "பெயர் மட்டும்தானே" என்ற இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். இந்தத் திட்டத்துக்கு வேண்டிய மற்ற எல்லாமே முதலாளியிடம் இருக்கின்றன: சரக்கு, வாடிக்கையாளர், பணம், ஆலோசகர். இல்லாதது ஒன்றுதான். அது உங்கள் பெயர். அது எதற்குத் தேவைப்படுகிறது என்று பார்ப்போம்.

துபாய் நிறுவனம் முதலாளியின் பெயரில் இருந்தால், பண்ருட்டி நிறுவனமும் அதுவும் சட்டத்தின் கண்ணில் உறவு நிறுவனங்கள். உறவு நிறுவனங்கள் எல்லை தாண்டித் தங்களுக்குள் விற்றுக்கொள்ளும்போது, முன்பின் தெரியாத இருவர் என்ன விலை பேசியிருப்பார்களோ அந்த விலையில்தான் விற்றதாக வருமான வரிச் சட்டம் கணக்கிடும். எங்கள் தொழிலில் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் என்று சொல்வது இதைத்தான். 2001இல் இந்த விதிகள் இன்றைய வடிவத்துக்கு வந்தன. ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பரிவர்த்தனைகளைப் பற்றிப் பட்டயக் கணக்காளர் ஒருவர் தனி அறிக்கை தர வேண்டும். உங்கள் பெயரில் அந்த நிறுவனம் இருந்தால் காகிதத்தில் உறவு மறைந்துவிடும். அறிக்கை தேவையில்லை, கேள்வியும் வராது என்பது ஆலோசகரின் கணக்கு. ஆகவே அவர்கள் உங்களிடம் கேட்பது ஓர் உறவை மறைக்கும் திரையை. மாதம் இருபதாயிரம் அந்தத் திரைக்கு வாடகை.

நீங்களும் கணக்கர். எண்ணிலேயே பார்ப்போம். உங்கள் நிறுவனத்தின் அளவு எனக்குத் தெரியாததால் ஓர் உதாரணம் வைத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய வாடிக்கையாளர் கிலோவுக்கு 700 ரூபாய் தருகிறார். துபாய்க்கு 600 ரூபாய்க்குப் பில் போடுகிறீர்கள். ஆண்டுக்கு 200 டன் என்றால் இரண்டு கோடி ரூபாய் லாபம் வெளியே தங்கிவிடும். 22 சதவீத வரியும் அதன் மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.17 சதவீதம் என்று வைத்தால், மிச்சமாகும் வரி ஏறக்குறைய 50 லட்சம். பிடிபட்டால் அந்த 50 லட்சத்தைக் கட்ட வேண்டும். வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு வரியின் 200 சதவீதம் அபராதம், அதாவது இன்னொரு கோடி. வட்டி தனி. ஏற்றுமதிப் பணத்தை வெளியே நிறுத்தியதற்கு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் பொய் விலை எழுதியதற்குச் சுங்கத் துறையும் வரும்.

பிடிபடுவது அத்தனை எளிதா என்று கேட்பீர்கள். மென்பொருளுக்கோ, ஒரு பிராண்டின் பெயருக்கோ நியாய விலை எது என்பதில் வருடக்கணக்கில் வழக்காடலாம். முந்திரியில் அது முடியாது. டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் சொன்னால் அன்றைய விலையைக் காடாம்புலியூரில் எந்த வியாபாரியும் வாய்மொழியாகச் சொல்லிவிடுவார். அதே மாதத்தில் பக்கத்து ஆலை என்ன விலைக்கு ஏற்றுமதி செய்தது என்பது சுங்கத் துறையின் கணினியில் இருக்கிறது. விலை இவ்வளவு வெளிப்படையான ஒரு பொருளில் இந்த வேலையைச் செய்யச் சொன்ன ஆலோசகருக்கு முந்திரி வியாபாரமே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் உங்கள் முதலாளியிடம் இரண்டு பாதுகாப்புகளைச் சொல்லியிருப்பார். ஒன்று, வெளிநாட்டு நிறுவனத்தை உண்மையில் நிர்வகிப்பது இந்தியாவிலிருந்துதான் என்றால் அதை இந்திய நிறுவனமாகவே கருதி வரி போடும் விதி. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்கு மேற்படாத நிறுவனங்களுக்கு அது பொருந்தாது என்று 2017இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இரண்டு, வரியைத் தவிர்ப்பதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடுகளை ஒதுக்கித் தள்ளும் பொதுவான தவிர்ப்புத் தடுப்பு விதிகள். 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் அவை, வரி ஆதாயம் மூன்று கோடிக்கு மேல் போனால்தான் வரும். இரண்டுமே உண்மைதான். ஆனால் உறவு நிறுவன விலை விதிக்கு இப்படி ஒரு தப்பிக்கும் வரம்பு கிடையாது. வெளிநாட்டில் மறைத்த சொத்துக்கான கருப்புப் பணச் சட்டமும் விற்றுமுதலைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. தவிர, உரிமையாளர் யார் என்று பொய் சொல்வது தவிர்ப்பு என்ற வகையிலேயே வராது. அது ஏய்ப்பு.

தவிர்ப்புக்கும் ஏய்ப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். பெண்ணையாற்றைத் தாண்டி, முள்ளோடை எல்லையைக் கடந்து புதுச்சேரிக்கு வந்தாலே போதும். ஒரு காலத்தில் புதுச்சேரிக்குப் பின்தங்கிய பகுதி என்ற வகையில் வரிச் சலுகைகள் இருந்தன. அதற்காகவே கணினி நிறுவனங்கள் உட்படப் பல நிறுவனங்கள் இங்கே வந்தன. சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்கூடங்கள் எழுந்தன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. அங்கே சம்பளம் வாங்கிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். அந்த நிறுவனங்கள் வரியை மிச்சப்படுத்தின. சட்டம் எதற்காகச் சலுகை தந்ததோ அது நடந்தது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இன்னொரு கூட்டமும் வந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் குடியிருப்பவர்கள், சாலை வரி இங்கே குறைவு என்பதற்காக, விலை உயர்ந்த கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்தார்கள். அந்த முகவரியில் அவர்கள் ஒரு நாள்கூட இருந்ததில்லை. வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுச் சீட்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. வீட்டுக்காரருக்கு அவர்கள் முகமே தெரியாது. 2017இல் கேரளக் காவல் துறை வழக்குகள் போட்டபோதுதான் ஊர் சிரித்தது. சேதராப்பட்டுத் தொழிற்கூடத்துக்கும் இந்தக் கார்களுக்கும் ஒரே வித்தியாசம்தான். காகிதம் சொன்ன இடத்தில் தொழிற்கூடம் உண்மையிலேயே இருந்தது. உங்கள் துபாய் நிறுவனம் இந்த இரண்டில் எது? அங்கே ஆள் இல்லை, கிடங்கு இல்லை, சரக்கு அந்தத் துறைமுகத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. விலை பேசுவதும் முடிவெடுப்பதும் பண்ருட்டியில்.

ஆப்பிளைப் பற்றி முதலாளி கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சிறிய தொழில் செய்பவர்கள் மனத்தில் இந்தக் கொதிப்பு இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அயர்லாந்தில் பதிவான தன் துணை நிறுவனங்களின் வழியாக ஐரோப்பிய லாபத்தைச் செலுத்திய ஆப்பிள், 2014இல் ஒரு துணை நிறுவனத்தில் கட்டிய வரி 0.005 சதவீதம் என்று ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது. பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு ஐம்பது யூரோ. பண்ருட்டியில் மளிகைக் கடை வைத்திருப்பவர் இதைவிட அதிக விகிதத்தில் வரி கட்டுகிறார். எனக்கும் இதைப் படித்தபோது வயிறு எரிந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அயர்லாந்து தந்தது முறையற்ற அரசுச் சலுகை என்று 2016இல் ஆணையம் தீர்மானித்து, 1,300 கோடி யூரோவைத் திரும்ப வசூலிக்கச் சொன்னது. எட்டு ஆண்டு வழக்குக்குப் பிறகு, 2024 செப்டம்பர் 10 அன்று, ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கட்டித்தான் ஆக வேண்டியதாயிற்று. பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்று 2021 அக்டோபரில் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டதற்கு இப்படிப்பட்ட கதைகள்தான் காரணம்.

இதில் முதலாளி கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. அந்த ஐரிஷ் நிறுவனங்கள் தன்னுடையவை என்பதை ஆப்பிள் ஒருபோதும் மறுக்கவில்லை. நம் நாட்டில் பெரிதாகப் பேசப்பட்ட வோடஃபோன் வழக்கிலும் அப்படித்தான். 2007இல் கேமன் தீவு நிறுவனம் ஒன்றின் பங்கை வாங்கி இந்தியத் தொலைபேசி நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றார்கள். வரி உண்டா இல்லையா என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 ஜனவரியில் நிறுவனம் வென்றது. யார் யாருக்கு விற்றார்கள் என்பதில் அங்கே ஒளிவுமறைவு இல்லை. சண்டை சட்டத்தின் பொருளைப் பற்றியது. அந்தத் தீர்ப்பை எனக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் யாரும் ஒரு கணக்கரின் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் உரிமையாளர் இவர்தான் என்று நீட்டவில்லை. 1985இல் மெக்டோவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது: சட்டத்துக்கு உட்பட்ட வரித் திட்டமிடல் செய்யலாம், போலிச் சாயம் பூசிய ஏற்பாடுகள் வரித் திட்டமிடல் ஆகாது.

ரகசியம் இன்னும் ரகசியமாக இருக்கிறது என்று ஆலோசகர் நம்புகிறார். அல்லது நம்பாமலே விற்கிறார். சுவிட்சர்லாந்து 1934இல் வங்கி ரகசியத்தைச் சட்டமாக்கியதிலிருந்து பல தலைமுறைகளுக்கு அது உண்மையாக இருந்தது. 2016 ஏப்ரலில் பனாமா நாட்டுச் சட்ட நிறுவனம் ஒன்றின் 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள் வெளியே வந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உள்விவரம் அதில் இருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் அதே பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் பதிவானவை. ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு இயக்குநர் என்று காகிதத்தில் இருந்தவர் யார் தெரியுமா? அந்த அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு பெண். உங்களைப் போல ஓர் ஊழியர்.

கசிவு நடக்காவிட்டாலும் இப்போது தகவல் தானாகவே வருகிறது. ஒரு நாட்டு வங்கியில் இன்னொரு நாட்டவர் கணக்கு வைத்தால், அந்த விவரத்தை ஆண்டுதோறும் அரசுகள் பரிமாறிக்கொள்ளும் பொது ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இந்தியா 2017 முதல் அதில் பங்கேற்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து முதல் தொகுதி 2019 செப்டம்பரில் வந்தது. ஐக்கிய அரபு அமீரகமும் இதில் இருக்கிறது. நிறுவனக் கணக்கு என்றால் அதைக் கட்டுப்படுத்தும் தனிநபர் யார், அவர் எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்பதும் சேர்ந்து போகும். அதாவது துபாயில் கணக்குத் திறந்து ஓராண்டு கழியும்போது, உங்கள் பெயர், பிறந்த தேதி, பான் எண், இருப்புத் தொகை எல்லாம் இந்திய வருமான வரித் துறையின் கணினிக்கு வந்து சேரும். முதலாளியின் பெயர் வராது. வெளிநாட்டுச் சொத்தைக் கணக்கில் காட்டச் சொல்லி 2024 நவம்பரில் வரித் துறை பலருக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது இப்படி வந்த பட்டியல்களை வைத்துத்தான். துபாயில் வரியே கிடையாது என்பதும் பழைய பேச்சு. 2023 ஜூன் முதல் அங்கே 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீத நிறுவன வரி உண்டு. சுதந்திர வணிக மண்டலச் சலுகைக்கும் அங்கே உண்மையான செயல்பாடு வேண்டும்.

உங்களுக்கு என்ன நேரும்? நீங்கள் பண்ருட்டியில் வாழ்பவர், இந்தியாவில் வரி கட்டுபவர். வெளிநாட்டில் உங்கள் பெயரில் உள்ள பங்கையும், கையெழுத்து அதிகாரம் உள்ள வங்கிக் கணக்கையும் ஒவ்வோர் ஆண்டும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். காட்டினால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம். சிறு தொகைகளுக்கு இப்போது விலக்கு உண்டு, ஆனால் கோடிகள் புரளும் கணக்குக்கு அது உதவாது. மறைத்த சொத்து என்று முடிவானால் 30 சதவீத வரி, அந்த வரியின் மூன்று மடங்கு அபராதம். சொத்தின் மதிப்பைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். வேண்டுமென்றே ஏய்த்தால் மூன்று முதல் பத்து ஆண்டு வரை கடுங்காவல். ஏய்க்க உதவியவருக்கே ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "நான் பெயர் மட்டும்தான் கொடுத்தேன்" என்று நீங்கள் சொல்வது வாதம் ஆகாது. குற்றத்தின் வருணனையே அதுதான்.

புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் கார் ஓட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். முதலாளி கேட்டாரே என்று இரண்டு நிறுவனங்களுக்கு இயக்குநராகக் கையெழுத்துப் போட்டவர். அந்த நிறுவனங்கள் எங்கே இருந்தன என்றுகூட அவருக்குத் தெரியாது. கணக்குத் தாக்கல் செய்யாத நிறுவனங்களின் இயக்குநர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 2017இல் மத்திய அரசு தகுதிநீக்கம் செய்தபோது அவர் பெயரும் அதில் இருந்தது. அதுவும் தெரியாது. பிறகு வரி நோட்டீஸ் வந்தது. தனியார் நிறுவனத்திடம் வரியை வசூலிக்க முடியாவிட்டால் அதன் இயக்குநரிடமே வசூலிக்கலாம். தன் அலட்சியமோ தவறோ காரணமல்ல என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். நோட்டீஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளியின் தொலைபேசி அணைந்து கிடந்தது. அவரை அதிலிருந்து வெளியே எடுக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் வில்லியனூரில் மகளுக்கென்று வாங்கிப் போட்டிருந்த மனையை அவர் விற்றுவிட்டார். அந்த மனிதரை நினைக்காமல் உங்கள் கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். உங்களிடம் கையெழுத்துக்கு வரும் காகிதக் கட்டைப் புரட்டுங்கள். தேதி போடாத பங்கு மாற்றுப் படிவம் ஒன்று, தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்று, முழு அதிகாரம் தரும் பவர் பத்திரம் ஒன்று அநேகமாக இருக்கும். சொத்து உங்களுடையது அல்ல என்பதற்கு முதலாளி வைத்துக்கொள்ளும் சாட்சி அவை. அவரே உங்களை நம்பவில்லை என்பதற்கும் அவைதான் சாட்சி.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்து போன இடத்துக்கு வருகிறேன். அந்த அம்மாவின் 20 சதவீதம்.

மேலே போட்ட உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தங்கும் இரண்டு கோடியில் வரி போக ஒன்றரைக் கோடி நிறுவனத்துக்கு வந்திருக்க வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 30 லட்சம், ஆண்டுதோறும் அவருடையது. அரசிடமிருந்து மறைப்பது 50 லட்சம் என்றால், கணவனை இழந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுப்பது 30 லட்சம். வரி அதிகம் என்று முதலாளிக்கு அரசின்மேல் கோபம் இருக்கலாம்; தம்பி மனைவிமேல் என்ன கோபம்? பத்து சதவீதத்துக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர், நிறுவனம் தனக்குக் கேடாக நடத்தப்படுகிறது என்று தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவருக்கு அந்தத் தகுதி இருக்கிறது. அன்றைக்குக் கணக்குப் புத்தகங்களை எழுதிய கை உங்களுடையது.

கொட்டை உடைக்கும் பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தோட்டின் பால் பட்டு வெந்து, கறுத்து, கைரேகையே அழிந்த விரல்களை நீங்கள் தினமும் சம்பளப் பதிவேட்டில் ஒற்றி எடுப்பவர். அவர்களுடைய போனஸ் சட்டப்படி 8.33 சதவீதத்துக்குக் குறையாது, 20 சதவீதத்தைத் தாண்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது லாபம். லாபம் துபாய்க்குப் போனால் தீபாவளிக்கு அவர்கள் கையில் விழுவது 8.33தான். "இந்த ஆண்டு வியாபாரம் சரியில்லை அம்மா" என்று அவர்களிடம் சொல்லும் வேலையும் உங்களுக்குத்தான் வரும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் பகுதியில் மரங்களை வேரோடு சாய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். முந்திரித் தோப்புகள் படுத்த படுக்கையாகக் கிடந்தன. விவசாயிகளுக்கு நிவாரணம் அரசுப் பணத்தில் வந்தது. மின்கம்பங்கள் அரசுப் பணத்தில் நிமிர்ந்தன. கடலூர் அரசு மருத்துவமனையிலும் ஜிப்மரிலும் விடியற்காலையில் சீட்டுக்கு நிற்கும் வரிசை அரசுப் பணத்தை நம்பி நிற்கிறது. உங்கள் முதலாளி இதே மண்ணின் கொட்டையையும் கையையும் கொண்டு வளர்ந்தவர். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு கணக்கை மட்டும் கடல் கடந்து வைத்துக்கொள்வது எனக்கு வெட்கமாகப் படுகிறது.

உப்பிட்ட கடனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் சிறிதாக எண்ணவில்லை. அப்பாவின் உயிரைக் காக்க உதவியவரை மறப்பவன் மனிதனல்ல. ஆனால் அந்தக் கடனைப் பத்தொன்பது ஆண்டு உழைப்பில் நீங்கள் தினமும் கட்டி வருகிறீர்கள். ஆபத்தான இடத்துக்கு அவர் கால் வைக்கும்போது கையைப் பிடித்து நிறுத்துவதும் உப்பிட்டவரை நினைப்பதுதான். அவரிடம் போய் இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, என் பெயரில் வைத்தால் எனக்கு ஏதாவது ஆனால் அந்தச் சொத்து என் மனைவி பிள்ளைகளிடம் போகும். உங்களுடையது என்று எந்த நீதிமன்றத்திலும் நீங்கள் கேட்க முடியாது. கேட்டாலே குற்றம் வெளியே வரும்." தர்மத்தைவிட இந்த ஒரு வாதம் பல முதலாளிகளின் காதில் ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெறுங்கையோடு போகாதீர்கள். வரியைக் குறைக்க நேர்வழிகள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். 2019இல் வந்த 22 சதவீத வரி விகிதத்தை உங்கள் நிறுவனம் தேர்ந்தெடுத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்; பழைய சலுகைகளைப் பிடித்துக்கொண்டு அதிக விகிதத்தில் கட்டும் குடும்ப நிறுவனங்கள் பல இருக்கின்றன. புதிதாக வேலைக்கு எடுப்பவர்களின் சம்பளத்தில் 30 சதவீதத்தை, செலவுக்கு மேல் கூடுதல் கழிவாக, மூன்று ஆண்டுகளுக்குப் பெறும் சலுகை அந்த விகிதத்திலும் உண்டு. வருங்கால வைப்புநிதியில் ஆட்களை முறையாகச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். ஏற்றுமதிக்கென்று இறக்கும் கொட்டைக்கு முன் அனுமதித் திட்டத்தில் சுங்க வரி இல்லாமல் இறக்கலாம். ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுவதில் எத்தனை மாத பாக்கி கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். துபாயில் உண்மையாகவே ஒரு விற்பனை அலுவலகம் வேண்டுமென்றால் அதையும் தொடங்கலாம்: நிறுவனத்தின் பெயரிலேயே வங்கி வழியாக முதலீடு, அங்கே இரண்டு ஊழியர்கள், அவர்கள் செய்யும் வேலைக்கு ஏற்ற நியாயமான லாபம், இங்கே ஆண்டுதோறும் அறிக்கை. ஐம்பது லட்சம் மிஞ்சாது. இரவில் தூங்கலாம்.

அவர் கேட்காவிட்டால்? விலகுங்கள்; தயங்க வேண்டாம். ஏற்றுமதிக் கணக்கு தெரிந்தவருக்குக் கடலூரிலிருந்து சென்னை வரை வேலை இருக்கிறது. வரித் துறையிடம் தகவல் சொல்லும் வழியும் உண்டு. 2018ஆம் ஆண்டின் வெகுமதித் திட்டமும் இருக்கிறது. ஆனால் தனியார் நிறுவனத்தின் குற்றத்தை வெளியே சொல்லும் ஊழியருக்கு நம் நாட்டில் சட்டப் பாதுகாப்பு மிகவும் மெலிது. 2014இல் நிறைவேற்றிய தகவல் வெளிப்படுத்துவோர் சட்டம் அரசு ஊழியர்களின் முறைகேடுகளைப் பற்றியது. ஆகவே அந்த முடிவை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேசாமல் எடுக்காதீர்கள். அந்த அம்மாவிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டுமா என்றால், திட்டம் கைவிடப்பட்டால் தேவையில்லை. உங்களை விட்டுவிட்டு இன்னொருவர் பெயரில் நடந்தால், சொல்லாமல் இருப்பதை என்னால் ஆதரிக்க முடியாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. முதலாளிக்கும் ஆலோசகருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்த வெளிநாட்டு நிறுவனத்திலும் பங்குதாரராகவோ இயக்குநராகவோ இருக்க எனக்குச் சம்மதமில்லை, நான் தந்த பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது, முன்பு ஏதாவது சம்மதம் தந்திருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். நான்கு வரி போதும். உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். அலுவலக முகவரி நாளை உங்கள் கையில் இருக்காது. நோட்டரி முன்னால் பவர் பத்திரம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதை எழுத்து மூலம் ரத்து செய்ய வேண்டும். அலுவலகத்தில் உங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருந்தால் வாங்கி வீட்டில் வையுங்கள்.

மின்னஞ்சலை மீறி வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள், பயப்பட வேண்டாம். அந்த அதிகாரி உங்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: இந்த நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார்? "நான் இல்லை" என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு உங்கள் பெயரில் எந்த வங்கியும் அந்தக் கணக்கைத் திறக்கக் கூடாது.